வேதாளை 1538: கூட்டாளிகளும் பகைவர்களும்

ஒரே போரைப் பற்றி மோதிக்கொண்ட இரு தரப்பாருமே எழுதி வைத்த குறிப்புகள் நமது கடலின் வரலாற்றில் அதிகம் கிடைப்பதில்லை. வேதாளைப் போர் அப்படிக் கிடைத்த ஒன்று. மண்டபத்துக்கு அருகே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் வேதாளை, இன்றும் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஒரு மீன்பிடிக் கிராமம். 1538-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் மணற்கரையில் மலபார் மரைக்காயர்களின் கடற்படையும் மார்ட்டிம் அபொன்சோ டி சூசாவின் போர்த்துக்கேயக் கடற்படையும் மோதின. மரைக்காயர்கள் தோற்றார்கள்.

வென்றவர்கள் அதை விரிவாக எழுதினார்கள். அவர்களது வரலாற்றாசிரியர்கள் படகுகளை எண்ணினார்கள், கைப்பற்றிய பீரங்கிகளை எண்ணினார்கள். போர்த்துக்கேயரின் தேசியக் காவியமான கமோயன்ஸின் ‘லூசியாடஸ்’ (1572) தனது பத்தாவது காண்டத்தில் வேதாளையின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறது. ஒரு தமிழ்க் கிராமத்தின் பெயர் லிஸ்பனில் அச்சான காவியத்தில் ஏறியது இப்படித்தான்.

தோற்றவர்களின் பக்கத்தில் எழுதியவர் ஒருவரே. பொன்னானியின் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம், 1580களில் அரபு மொழியில் எழுதிய ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ நூலில் இந்தப் போருக்குச் சில வரிகளையே ஒதுக்கினார். ஹிஜ்ரி 944-இல் அலி இப்றாஹீம் மரைக்காரும் அவரோடு சேர்ந்தோரும் நாற்பத்திரண்டு துடுப்புக் கப்பல்களில் காயலை நோக்கிப் புறப்பட்டார்கள், வேதாளையில் கப்பல்களை விட்டுக் கரையிறங்கிச் சில நாள் தங்கினார்கள், பறங்கியர் வந்து கப்பல்களைக் கைப்பற்றினார்கள், சிலர் ஷஹீதானார்கள், எஞ்சியோர் ஊர் திரும்பினார்கள், வழியில் அலி இப்றாஹீம் மரைக்கார் வபாத்தானார். இதுவே அவர் தரும் செய்தியின் சாரம். புலம்பலோ வீர வசனமோ அதில் இல்லை. கப்பலை விட்டு இறங்கியதைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறார் அந்த ஆலிம்.

இந்தப் போரை ‘சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர்’ என்று சொல்லும் வழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது, மற்றவரிடமும் இருக்கிறது. மேடைக்கு அது வசதியான தலைப்பு. ஆனால் யார் யாரோடு சேர்ந்து நின்றார்கள், யார் யாரைக் கடைசியில் கைவிட்டார்கள் என்று ஆற அமர விசாரித்தால் அந்தத் தலைப்பு நிற்காது. அந்த விசாரணையே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்தும் கறுவாவும்

புத்தளக் கரையில் நிற்பவருக்கு வேதாளை தூரத்து ஊரல்ல. கற்பிட்டியிலிருந்து வடக்கே மன்னாரும், மன்னாருக்கு மேற்கே மணல்திட்டுகளும், அவற்றுக்கு அப்பால் இராமேஸ்வரமும் மண்டபமும் என்று ஒரே கடலின் ஓரங்கள்தாம் இவை. இந்தக் கடலின் செல்வம் இரண்டு: அடியில் முத்து, கரையில் கறுவா.

1344-இல் மாலைத்தீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ நமது புத்தளமே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. ஆரியச் சக்கரவர்த்தி அப்போது இங்கே இருந்தார். பயணிக்கு மரியாதை செய்தார், முத்துகளைக் காட்டினார், பாவா ஆதம் மலைக்குப் போக ஆளும் பல்லக்கும் கொடுத்தார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும், மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருவோர் அரசனுக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிச் சென்றதையும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். சைவ அரசன், முஸ்லிம் பயணி, மலபார் வணிகன் என்று மூவரும் ஒரே கரையில் பகையின்றி நின்ற காட்சி அது.

முத்துக் குளிப்பில் இந்த இணக்கம் எப்போதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களில் பரதவர்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆனால் முத்தை வாங்கி விற்கும் வணிகமும், குத்தகையும், கடனும் பெரும்பாலும் காயல், கீழக்கரை மரைக்காயர்களின் கையில் இருந்தன. மூச்சடக்கி ஆழத்துக்குப் போகிறவனுக்கும் கரையிலிருந்து கணக்குப் பார்க்கிறவனுக்கும் இடையில் மனக்கசப்பு வளர மதம் தேவையில்லை. 1530களின் தொடக்கத்தில் தூத்துக்குடிப் பக்கம் அந்தக் கசப்பு வெடித்தது. ஒரு பரதவரின் காது அறுக்கப்பட்டதிலிருந்து கலவரம் தொடங்கியது என்று பரதவர் மரபு சொல்கிறது. இரு பக்கமும் இரத்தம் சிந்தியது. பரதவர்கள் ஒடுங்கிப்போனார்கள்.

அப்போது அவர்களுக்கு வழிகாட்ட ஒருவர் வந்தார். பெயர் ஜொவாவ் த குரூஸ். மலபாரைச் சேர்ந்த இவர், இளமையில் சாமூதிரியால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். குதிரை வணிகர். போர்த்துக்கேயரின் பாதுகாப்பைக் கேளுங்கள், அதற்கு விலையாக அவர்களது வேதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே இவர் சொன்ன யோசனை. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1535-ஐ அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கரையில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக் குளிக்கும் சமூகம் போர்த்துக்கேயரின் குடையின் கீழ் வந்ததும் முத்துக் குளிப்பும் மெல்ல அந்தக் குடையின் கீழ் வந்தது.

இதைத் துரோகம் என்று சொல்லுவது எளிது. வலியவனிடம் அடிபட்டவன் இன்னொரு வலியவனைத் தேடிப் போனான் என்று சொல்லுவதே உண்மைக்குக் கிட்டியது. அந்த முதல் வலியவனின் இடத்தில் நம்மவர் சிலர் இருந்தார்கள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

‘மோரோ’ என்ற சொல்

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு சொல்லையும் கொண்டு வந்தார்கள். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பல நூற்றாண்டுகள் முஸ்லிம்களோடு போரிட்ட அவர்கள், அங்கே முஸ்லிம்களை ‘மோரோ’ அல்லது ‘மௌரோ’ என்றார்கள். 1492-இல் கிரனாடா வீழ்ந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். இடையில் ஆறே ஆண்டுகள். கோழிக்கோட்டிலும் காயலிலும் கொழும்பிலும் கண்ட முஸ்லிம்களுக்கும் அதே பெயரையே சூட்டினார்கள். இலங்கைச் சோனகரை ஆங்கிலத்தில் ‘மூர்’ என்று எழுதும் வழக்கத்தின் வேர் அதுதான். மொரொக்கோவைக் கண்ணாலும் காணாத புத்தளத்து மனிதனின் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் இன்றும் ஏறுகிறது.

அந்தச் சொல்லோடு ஒரு பார்வையும் வந்தது: உலகம் இரண்டு பாளயம், நடுவில் ஓர் எல்லை. ஆனால் அந்த எல்லை பிறந்த இடத்திலேயே அது அவ்வளவு நேர்கோடாக இருக்கவில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டலோனியப் பிரபுக்கள் ஒன்றுகூடி, கோர்தோவாவின் முஸ்லிம் படைகளை எல்லைப்புறத்தில் எதிர்த்து நின்றார்கள். அவர்களில் பார்சிலோனாவின் ராமோன் பொரேலும் உர்ஜெல்லின் எர்மெங்கோலும் முக்கியமானவர்கள். சில ஆண்டுகள் கழிந்து, 1010-இல், இதே இருவரும் தங்கள் படைகளோடு கோர்தோவாவுக்குப் போனார்கள். இம்முறை போனது கிலாபத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு முஸ்லிம் தரப்பில் ஒரு தரப்புக்குத் துணையாக! எர்மெங்கோல் அந்தப் படையெடுப்பில் இறந்தார். நேற்றைய பகைவனின் வழக்குக்காக உயிரைக் கொடுத்தார். அதே நூற்றாண்டில் ஸ்பெயினியரின் காவிய நாயகனான எல் சித், சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடம் சேவகம் செய்தார்.

எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கு எல்லையின் இரு பக்கமும் தெரியும். தூரத்திலிருந்து காவியம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். நமது கடலிலும் அப்படியே நடந்தது.

கோட்டையும் சீதாவாக்கையும்

1521-இல் கோட்டை மன்னன் விஜயபாகு தன் மக்களாலேயே கொல்லப்பட்டான். நாடு மூன்றாகப் பிரிந்தது. மூத்தவன் புவனேகபாகு கோட்டையில் இருந்தான். இளையவன் மாயாதுன்னை சீதாவாக்கையில் இருந்தான். ரைகமம் மூன்றாமவனுக்குப் போனது. முழு நாடும் வேண்டும் என்பது மாயாதுன்னையின் கனவு. அண்ணன் போர்த்துக்கேயரைப் பிடித்துக்கொண்டான். தம்பி அவர்களுக்கு எதிரானவர்களைத் தேடினான்.

1526-இல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் முஸ்லிம் வணிகர்களைத் தன் துறைமுகங்களிலிருந்து வெளியேறுமாறு புவனேகபாகு உத்தரவிட்டான். வெளியேறியவர்களுக்குச் சீதாவாக்கை இடம் கொடுத்தது. மாயாதுன்னை கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் உதவி கேட்டான். சாமூதிரி இந்து மன்னர். அவருடைய கடற்படை மரைக்காயர்களின் கையில் இருந்தது. ஆக, ஒரு பௌத்த மன்னனின் அழைப்பின் பேரில், ஓர் இந்து மன்னரின் ஆணையால், முஸ்லிம் தளபதிகள் புறப்பட்டார்கள். எதிரில் நின்றதோ இன்னொரு பௌத்த மன்னனும், அவனுடைய கத்தோலிக்க நண்பர்களும், புதிதாகக் கிறிஸ்தவரான தமிழ்ப் பரதவர்களும். இதில் சிலுவை எங்கே, பிறை எங்கே என்று தேடிப் பார்க்கலாம்.

மரைக்காயர்களின் கதையும் நேரான கோடல்ல. கொச்சியில் இருந்த மரைக்காயர் குடும்பங்கள் தொடக்கத்தில் போர்த்துக்கேயரோடு வணிகம் செய்தவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து அரிசியும், உள்நாட்டிலிருந்து மிளகும் அவர்களுக்குக் கொண்டு வந்து கொடுத்தவர்கள். அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலெல்லாம் கொள்ளைக்குரியது என்ற புதுச் சட்டம் இவர்களது கப்பல்களின் மேலும் பாய்ந்தபோதுதான், 1520களில் கோழிக்கோட்டுப் பக்கம் சாய்ந்தார்கள். பச்சி மரைக்கார் என்று போர்த்துக்கேயர் குறிப்பிடும் பகீஹ் அஹ்மத் மரைக்கார், அவருடைய சகோதரர் குஞ்ஞாலி மரைக்கார், அலி இப்றாஹீம் மரைக்கார் ஆகிய மூவரும் இந்தக் காலத்தின் தலைவர்கள். மூவரும் வணிகக் குடும்பத்தார். துப்பாக்கி ஏந்துமுன் துலாக்கோல் ஏந்தியவர்கள்.

ஸைனுத்தீன் மக்தூம் கப்பல்கள் காயலுக்குப் போயின என்கிறார். போர்த்துக்கேயர் இலங்கைக்குப் போயின என்கிறார்கள். இரண்டுக்கும் முரண்பாடில்லை. மலபாருக்குச் சோறு போட்ட அரிசி கீழைக்கரையிலிருந்து வந்தது. அந்தக் கரையின் முத்து கைமாறிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் கறுவாவும் பாக்கும் யானையும் இருந்தன. காயலைக் காப்பதும் மாயாதுன்னையைக் காப்பதும் ஒரே வழியை, அதாவது குமரி முனையைச் சுற்றி வரும் கடல்வழியை, காப்பதுதான்.

கரையில் விட்ட படகுகள்

வேதாளைக்கு வந்த கடற்படை சிறியதல்ல. நாற்பத்திரண்டு கப்பல்கள் என்கிறார் ஸைனுத்தீன். போர்த்துக்கேயர் ஐம்பதை ஒட்டிச் சொல்லி, ஆட்களின் தொகையை எண்ணாயிரம் வரை கொண்டு போகிறார்கள். தம்மவர் சில நூறு பேரே என்றும் எழுதுகிறார்கள். வென்றவன் தன் படையைக் குறைத்தும் எதிரியின் படையைக் கூட்டியும் எழுதுவது எக்காலத்து வழக்கமுமே. ஆயினும் மரைக்காயர் படை எண்ணிக்கையில் பெரிது என்பதில் ஐயமில்லை.

இரு தரப்பிலும் போரிட்டவை பெரிய பாய்க்கப்பல்கள் அல்ல. மன்னார் வளைகுடாவின் ஓரம் ஆழமில்லாதது. பவளப் பாறையும் மணல்திட்டும் நிறைந்தது. இங்கே துடுப்பு வலித்துப் போகும், தட்டையான, விரைவான கப்பல்களே உதவும். மரைக்காயர்களின் பலமே அதில்தான் இருந்தது. போர்த்துக்கேயரின் உயரமான கப்பல்கள் நெருங்க முடியாத கழிகளுக்குள் புகுந்து மறைவார்கள், எதிர்பாராத நேரத்தில் வெளிப்படுவார்கள். மார்ட்டிம் அபொன்சோ அதைப் புரிந்துகொண்டவர். அவரும் துடுப்புக் கப்பல்களிலேயே அவர்களைத் துரத்தி வந்தார்.

போகிற வழியில் பரதவக் கிறிஸ்தவர்களின் ஊர்கள் மரைக்காயர் படையால் தாக்கப்பட்டதாகப் போர்த்துக்கேயர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால், அந்தத் தாக்குதல் இராணுவ முறையிலும் தவறு. கரையோரத்தில் யார் போகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதைக் கடற்கரை மக்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. அவர்களைப் பகைத்துக்கொண்டு அந்தக் கரையில் ஒளிந்திருக்க இயலாது.

வேதாளையில் கப்பல்களைக் கரையோரம் விட்டு, ஆட்கள் இறங்கிப் பாசறை அமைத்தார்கள். ஏன் இறங்கினார்கள் என்று ஸைனுத்தீன் சொல்லவில்லை. ஆனால் துடுப்புக் கப்பலைப் பற்றித் தெரிந்தவருக்கு ஒன்று விளங்கும். அதில் ஆட்கள் அதிகம், இடம் குறைவு. குடிநீரும் உணவும் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வலித்துக் களைத்த கைகளுக்கு ஓய்வு வேண்டும். ஆக, இப்படையின் பலமே அதன் பலவீனமும் ஆனது. ஆழமற்ற கடலில் எங்கும் போகலாம்; ஆனால் அடிக்கடி கரைக்கு வந்தே ஆக வேண்டும். பாய்ந்து வந்த போர்த்துக்கேயர் படகுகளையும் பாசறையையும் தாக்கினார்கள். படகுகள் போயின. கடலில் படை நடத்த வந்தவர்கள் படகின்றித் தரையில் நின்றார்கள். அதற்குப் பின் எண்ணாயிரம் பேர் இருந்தென்ன, எண்பதினாயிரம் பேர் இருந்தென்ன!

மார்ட்டிம் அபொன்சோ அங்கிருந்து கொழும்புக்கு வந்தார். புவனேகபாகு வரவேற்றான். உதவிக்கு வந்தவர்கள் தோற்ற செய்தி கேட்ட மாயாதுன்னை அண்ணனோடு சமாதானம் செய்துகொண்டான். அடுத்து இந்தியாவின் ஆளுநராக 1542-இல் கோவாவுக்கு வந்தபோது இதே மார்ட்டிம் அபொன்சோவின் கப்பலில் வந்தவர்தான் பிரான்சிஸ் சேவியர். அந்த ஆண்டே சேவியர் முத்துக்குளித்துறைக்குப் போனார். அவர் கால் வைத்த கரையை வேதாளைப் போர் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தது.

நீர்கொழும்பு 1539

வேதாளையைவிடக் கசப்பானது அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது. மாயாதுன்னை மறுபடியும் அழைத்தான். பகீஹ் அஹ்மத் மரைக்காரும் குஞ்ஞாலி மரைக்காரும் இன்னொரு சிறிய கடற்படையோடு இலங்கைக்கு வந்தார்கள். 1539-இல் மிகுவெல் பெரெய்ரா என்ற போர்த்துக்கேயத் தளபதி துரத்தி வந்து நீர்கொழும்பில் அவர்களது கப்பல்களைக் கைப்பற்றினார். தலைவர்கள் கரையேறி, தம்மை அழைத்தவனிடமே அடைக்கலம் தேடிப் போனார்கள். சமாதானம் வேண்டுமானால் அவர்களது தலைகள் வேண்டும் என்றார்கள் போர்த்துக்கேயர். மாயாதுன்னை கொடுத்தான்.

ஸைனுத்தீன் இதையும் ஓரிரு வரிகளில் சொல்லி முடிக்கிறார். எஞ்சியோர் இலங்கை மன்னனிடம் போனார்கள், அவன் வஞ்சகமாக அவர்களைக் கொன்றான் என்பது அதன் பொருள். இலங்கையில் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த நாம் மாயாதுன்னையை அந்நியனுக்குப் பணியாத வீரனாகவே அறிவோம். அது பொய்யல்ல. 1526-இல் முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தவனும் அவன்தான். அதே கையால் 1539-இல் தலைகளை நீட்டியவனும் அவன்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மாயாதுன்னை முழு மனிதனாகிறான்.

யாருக்கு என்ன மிஞ்சியது

இந்தக் கூட்டணிகளில் சேர்ந்தவர்களுக்கு என்ன மிஞ்சியது என்று ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

புவனேகபாகு போர்த்துக்கேயரை நம்பினான். 1551-இல் களனியில், மாளிகைச் சாளரத்தின் அருகே நின்றவனைப் போர்த்துக்கேயர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு கொன்றது. தவறுதலாக வெடித்தது என்றார்கள். அவனுடைய பேரன் தர்மபாலன் 1557-இல் ஞானஸ்நானம் பெற்றான்; 1580-இல் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிக் கொடுத்தான்.

பரதவர்கள் பாதுகாப்பைத் தேடிப் போனார்கள். பாதுகாப்புக்கு வரி வந்தது. போர்த்துக்கல் ராணியின் பாதணிச் செலவுக்கென்று அவர்களிடம் திரட்டிய பணத்தை வேதம் போதிப்போருக்குத் தரும்படி சேவியர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. தூத்துக்குடிப் பகுதியில் கப்பித்தானாக இருந்த கொஸ்மே டி பைவா, பரதவர்களைத் துன்புறுத்திய தரப்புக்கே குதிரை விற்றான். 1544-இல் சேவியர் எழுதிய கடிதங்களில் அவன் மீதான கோபம் கொதிக்கிறது. பாதுகாக்க வந்தவன் எதிரிக்குக் குதிரை விற்கிறான் என்று ஒரு கத்தோலிக்கத் துறவியே எழுதிய பிறகு, அதைச் சிலுவைப்போர் என்று எப்படி அழைப்பது? அதே 1544-இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரானவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். அவர்களைக் காக்கும் படை அப்போது வரவில்லை. 1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். முத்துக் குளிப்பை அங்கிருந்து கட்டுப்படுத்தினார்கள்.

மரைக்காயர்களுக்கும் அதே பாடம்தான். 1539-இல் இலங்கையில் நடந்தது 1600-இல் மலபாரிலேயே நடந்தது. கடைசிக் குஞ்ஞாலி மரைக்காரை அடக்கச் சாமூதிரியே போர்த்துக்கேயரோடு கைகோத்தார். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குடும்பம் சேவித்த மன்னரிடமே அவர் சரணடைந்தார். போர்த்துக்கேயர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

இலங்கைச் சோனகர்கள் 1626-இல் போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவன் கண்டியின் பௌத்த மன்னன் செனரத். மட்டக்களப்புப் பகுதியில் அவர்களைக் குடியேற்றினான். நமது புத்தளமும் கண்டி மன்னரின் துறையாக நீண்டகாலம் இருந்து, 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகே ஒல்லாந்தர் கைக்குப் போனது. புத்தளத்து முஸ்லிம் அந்தக் காலமெல்லாம் உயிரோடும் தொழிலோடும் இருந்தது ஒரு பௌத்த அரசின் நிழலில்.

ஸைனுத்தீன் மக்தூமும் இதை அறியாதவரல்ல. ஜிஹாதின் சிறப்பை எழுதிய அதே நூலில்தான், மலபாரின் முஸ்லிமல்லாத மன்னர்கள் முஸ்லிம்களைக் கண்ணியமாக நடத்தியதை நன்றியோடு எழுதுகிறார். சாமூதிரி தம் செல்வத்தைச் செலவிட்டுப் பறங்கியரோடு போரிட்டபோது, முஸ்லிம் சுல்தான்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை என்று குறைப்படுகிறார். பறங்கியரின் வருகைக்குக் காரணம் சொல்லும்போது முதலில் முஸ்லிம்களின் சொந்தத் தவறுகளையே சுட்டுகிறார். பகைவன் மேல் பழி போடுமுன் தன்னைக் கணக்குப் பார்க்கும் பண்பு அது. அவர் பெயரைச் சொல்லி முழங்குகிறவர்கள் இந்தப் பக்கங்களையும் வாசிப்பது நல்லது.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு?

வேதாளையில் தோற்றது இஸ்லாமும் அல்ல, வென்றது கிறிஸ்தவமும் அல்ல. ஒரு கடல்வழி கைமாறியது. அந்தக் கடலை நம்பி வாழ்ந்த மரைக்காயரும் பரதவரும் ஒருவரை ஒருவர் தேய்த்துக்கொண்டார்கள். தேய்ந்து உதிர்ந்ததையெல்லாம் மூன்றாமவன் அள்ளினான். மதத்தின் பெயர் இதற்குப் பிறகு ஒட்டப்பட்டது. ஒட்டியவர்கள் வென்றவர்கள். தோற்றவர்களின் வழிவந்த நாமும் அதே பெயரை எடுத்துப் பூசிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

மதம் அந்தப் போரில் இல்லவே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பரதவன் மனமார நம்பினான். அவனுடைய சந்ததி இன்றும் நம்புகிறது. கரையில் வீழ்ந்த மரைக்காயர்களை ஷஹீத் என்று எழுதிய ஸைனுத்தீனும் மனமார நம்பித்தான் எழுதினார். அவரவர் நம்பிக்கை அவரவருக்குப் பெரிது. ஆனால் போருக்கு யாரை அழைப்பது, யாரைக் கைவிடுவது என்ற முடிவுகளை எடுத்தவர்கள் அந்த நம்பிக்கையைக் கேட்டு எடுக்கவில்லை.

இது பழங்கதை என்று விட்டுவிடக் கூடியதாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1539-இல் மரைக்காயரின் கப்பல்கள் பிடிபட்ட அதே நீர்கொழும்பில், 2019 ஏப்ரல் 21 அன்று கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் தொழுகைக்கு வந்த மக்களை முஸ்லிம் பெயர் தாங்கிய ஒருவன் குண்டு வைத்துக் கொன்றான். அன்றைய கொலைகாரர்களின் மனதில் இருந்தது அந்தப் பழைய ‘இரண்டு பாளயம்’ பார்வைதான். மூன்று வாரம் கழித்து, மே 13 அன்று, நமது மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தொழிலாளியை அவரது வீட்டிலேயே கும்பல் ஒன்று கொன்றது. அந்தக் கும்பலின் மனதில் இருந்ததும் அதே பார்வைதான். செத்தவர்கள் எல்லோரும் அண்டை வீட்டார்கள்.

நீர்கொழும்பு முதல் கற்பிட்டி வரையான இந்தக் கரையில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வலையும் வாடியும் சந்தையும் பகிர்ந்து வாழ்கிறார்கள். அங்குள்ள கத்தோலிக்க மீனவர் பலரின் முன்னோர் தமிழ் பேசியவர்கள். பரதர் என்ற பெயர் இன்றும் அங்கே வாழ்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் படகேறியும் நடந்தும் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்கே. ஆகவே துரத்தப்படுவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நமது இலக்கியக்காரர்கள் குஞ்ஞாலிகளைப் பாடட்டும், எழுதட்டும். அது தேவை, பாடநூல் ஒரு வரியில் கடந்துபோகும் மனிதர்கள் அவர்கள். ஆனால் பாடும்போது வேதாளையை மட்டும் பாடி நீர்கொழும்பை விட்டுவிடக் கூடாது. அறுந்த காதை விட்டுவிடக் கூடாது. கொஸ்மே டி பைவா விற்ற குதிரையையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளிடம் பகைவனின் பெயரை மட்டும் கொடுத்தால் அவர்கள் இன்றைய ஊரில் அந்தப் பெயருக்கு ஆள் தேடுவார்கள். முழுக் கணக்கையும் கொடுத்தால், கூட்டு என்று யாராவது கை நீட்டும்போது, அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள்.